ஏ.எஃப்.பி. பார்க்கச் சொன்னார்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கையேடு

கல்லீரல் சுருக்கமோ மஞ்சள் காமாலை பி வைரஸோ உள்ள ஒருவர் வீட்டில் இருக்கிறார், டாக்டர் “ஏ.எஃப்.பி. பார்த்துட்டு ஸ்கேனோட வாங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ.எஃப்.பி. என்பது ஈரலில் புற்றுநோய்க் கட்டி வருகிறதா என்று கண்காணிக்க எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. என் சித்தப்பாவுக்கு இரண்டுமே இருந்தது. பிறகு ஈரலில் சின்னக் கட்டி ஒன்று தெரிந்து, ஊசி வழியாகச் சுட்டு அழித்தார்கள். இப்போது தொடர் பரிசோதனையில் இருக்கிறார். வீடு நெல்லிக்குப்பம் பக்கம், லேப் கடலூரில், ஸ்கேன் பாண்டியில், டாக்டர் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரியில். எந்தக் காகிதத்தை எங்கே கேட்பார்கள், எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை. மருந்தும் சிகிச்சையும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அவர் முன்னால் சரியான காகிதங்களோடு சரியான நேரத்தில் போய் உட்காருவது நம் பொறுப்பு. அதற்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை.

1. இந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா?

எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குத் தேவை. குடியால் வந்ததா, கொழுப்பு ஈரலால் வந்ததா, பி அல்லது சி வைரஸால் வந்ததா என்பதில் வித்தியாசம் இல்லை. பி வைரஸ் உள்ளவர்களுக்குச் சுருக்கம் இல்லாவிட்டாலும் கட்டி வரலாம். அதனால் ஆண்களுக்கு 40 வயதுக்கு மேல், பெண்களுக்கு 50 வயதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் இருந்திருந்தால் அதற்கும் முன்பே, கண்காணிப்பைத் தொடங்கச் சொல்வார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் தயவுசெய்து இதைச் செய்துகொள்ளாதீர்கள். ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் டியூமர் மார்க்கர் என்று நாலைந்தைச் சேர்த்து விற்கிறார்கள். ஏ.எஃப்.பி. என்பது கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் ஒரு புரதம். கர்ப்பிணிக்கு ஏறும், விரைப் புற்றுநோயில் ஏறும், வைரஸால் ஈரல் வீங்கியிருந்தாலும் ஏறும். எந்த ஆபத்தும் இல்லாத ஒருவருக்கு இது கொஞ்சம் கூடி வந்தால் மிச்சம் தூக்கக் கெடுதான்.

தேவைப்படுபவர்களுக்குக் கணக்கு எளிது: 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. இந்த வகைக் கட்டி இரண்டு மடங்காகப் பல பேருக்குச் சுமார் 4 முதல் 6 மாதம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு முறை போனால் சின்னதாக இருக்கும்போது பிடிக்கும் வாய்ப்பு நழுவிவிடும். ஸ்கேன் மட்டும் போதாதா என்றால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தொடக்க நிலைக் கட்டிகளில் ஸ்கேன் தனியாகப் பிடித்தது சுமார் 45 சதவீதம், ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தபோது சுமார் 63. உடம்பு பருத்தவர்களுக்கு ஸ்கேனில் ஈரல் சரியாகத் தெரியாது. ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.

2. ஒரு ஃபைல், ஒரு நோட்டு

ஃபைலில் இருக்க வேண்டியவை: பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம்; பி, சி வைரஸ் பரிசோதனை முடிவு; பி இருந்தால் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு); கடைசியாக எடுத்த எல்.எஃப்.டி. (ஈரல் வேலை செய்வதைப் பார்ப்பது), பிளேட்லெட், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதைப் பார்ப்பது), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். ஆதார் நகல் இரண்டு வைத்திருங்கள். லேப் ரிப்போர்ட்டுகள் சில இடங்களில் வெப்பத்தாளில் வருகின்றன, ஆறே மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஃபைலை விட முக்கியம் அந்த நோட்டு. நாற்பது பக்க நோட்டே போதும். ஒரு பக்கத்தில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, லேபின் பெயர், ஏ.எஃப்.பி., அதன் அலகு, எஸ்.ஜி.பி.டி. (ஈரல் வீக்கத்தைக் காட்டும் எண்), பிளேட்லெட், அல்ட்ராசவுண்டில் என்ன எழுதியிருந்தார்கள், அப்போது சாப்பிட்ட மருந்து. ஒரு தடவைக்கு ஒரு வரி. கூட்டமான ஓ.பி.யில் டாக்டருக்கு உங்கள் ஃபைலைப் புரட்ட நேரம் இருக்காது. அந்த ஒரு பக்கத்தை நீட்டினால் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே கேள்வி கேட்க ஆரம்பிப்பார். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் நடந்தது.

3. ரத்தம் கொடுக்கும் நாள்

ஏ.எஃப்.பி.க்கு வெறும் வயிறு அவசியமில்லை. ஆனால் அல்ட்ராசவுண்டுக்கு 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சம். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் காலை டோஸை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபில் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் சில இயந்திரங்களில் ரத்த முடிவை மாற்றிக் காட்டும். சில நாள் நிறுத்திவிட்டுக் கொடுக்கச் சொல்லலாம்.

செலவு: நான் விசாரித்தவரை தனியார் லேபில் ஏ.எஃப்.பி. சுமார் 500 முதல் 1,000 ரூபாய், வயிற்று அல்ட்ராசவுண்ட் 700 முதல் 1,500 வரை. சில சமயம் டாக்டர் பிவ்கா என்று இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் எழுதுவார். அது ஏ.எஃப்.பி. ஏறாத கட்டிகளில் சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் விலை பல மடங்கு, சில ஆயிரம் ஆகும். பெரும்பாலான லேபுகள் இதற்கான ரத்தத்தை வெளியூருக்கு அனுப்புகின்றன, முடிவு வரச் சில நாள் பிடிக்கும். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், வைட்டமின் கே குறைவு அல்லது பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் கட்டி இல்லாமலேயே பிவ்கா எகிறும். இதை எழுதிக்கொடுத்த டாக்டருக்கு வார்ஃபரின் விஷயம் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருதயத்துக்கு ஒரு டாக்டர், ஈரலுக்கு ஒரு டாக்டர் என்று போகும் வீடுகளில் இது எளிதாக விட்டுப்போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரே லேபில் எடுப்பது. 50 ரூபாய் தள்ளுபடிக்காக மாற்றாதீர்கள்.

4. எண்ணை எப்படிப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். சில லேபுகள் நானோகிராம் கணக்கில் தருகின்றன, சில ஐ.யூ. கணக்கில். 1 ஐ.யூ. என்பது சுமார் 1.21 நானோகிராம். ஒரு தடவை எங்களுக்கு ஐ.யூ.வில் 12 வந்திருந்தது. அடுத்த தடவை அந்த லேப் மூடியிருந்ததால் வேறிடத்தில் எடுத்தோம், நானோகிராமில் 14.5 என்று வந்தது. “ஏறிடுச்சே” என்று சித்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் அளவு. கீழே உள்ள எண்கள் எல்லாம் நானோகிராம் கணக்கு.

பல லேபுகளில் ஆரோக்கியமானவர்களுக்கான மேல் வரம்பு 10-க்குக் கீழே எங்கேயோ இருக்கும். அதைத் தாண்டினாலே அம்புக்குறி போட்டு, தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். சுருக்கம் உள்ளவருக்கு 11, 12 என்று பல வருஷம் நிற்பது உண்டு. கண்காணிப்பில் டாக்டர்கள் எல்லைக்கோடாக வைப்பது பொதுவாக 20. அதற்கு மேல் போனாலோ, 20-க்குள் இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே வந்தாலோ, அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தாலும் அடுத்த கட்ட ஸ்கேன் எழுதுவார்கள். 400-க்கு மேல் போனால் சந்தேகம் பலமாகிறது. அப்போதும் ஸ்கேனில் கட்டி தெரிந்தால்தான் பேச்சு.

கூடவே எஸ்.ஜி.பி.டி.யைப் பார்க்க வேண்டும். இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஒருவருக்கு ஏ.எஃப்.பி. 180, எஸ்.ஜி.பி.டி. 600. பி வைரஸ் திடீரென்று சீறியிருக்கிறது, ஈரல் வீங்கியிருக்கிறது. வைரஸ் மாத்திரை தொடங்கிச் சில மாதத்தில் எஸ்.ஜி.பி.டி. இறங்க, ஏ.எஃப்.பி.யும் கூடவே இறங்குகிறது. இன்னொருவருக்கு 6 மாத இடைவெளியில் 9, 14, 31. எஸ்.ஜி.பி.டி. மூன்று தடவையும் நாற்பதுக்குள்ளேயே நிற்கிறது. பார்த்தவுடன் 180 பயமுறுத்தும், 31 சாதாரணமாகத் தெரியும். ஆனால் உடனே ஓட வேண்டியவர் இரண்டாமவர்தான். நோட்டில் வரிசையாக எழுதி வைக்காதவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

மறுபக்கமும் உண்டு. ஈரல் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது ஏ.எஃப்.பி. சாதாரணமாகவே இருக்கும். “பிளட் டெஸ்ட் நார்மல், ஸ்கேன் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பொறி.

நாட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. கீழாநெல்லி, சீந்தில், என்ன கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கோவிட் காலத்தில் சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். கஷாயத்தால் எஸ்.ஜி.பி.டி. ஏறி, அதனால் ஏ.எஃப்.பி. குழம்பி, தேவையில்லாத ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதும் நடக்கும்.

5. அடுத்த கட்ட ஸ்கேன்: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

அல்ட்ராசவுண்டில் 1 செ.மீ.க்குக் குறைவாக ஏதாவது தெரிந்தால் பெரும்பாலும் 3 மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். 1 செ.மீ.யோ அதற்கு மேலோ என்றால் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் ரத்த ஓட்டம் தெரிய ஏற்றும் மருந்து) போட்டு சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ.

இங்கே கவனம். சீட்டில் ‘ட்ரிபிள் ஃபேஸ்’ அல்லது ‘மல்டி ஃபேஸ்’ லிவர் என்று இருக்க வேண்டும். சும்மா ‘சி.டி. அப்டமன்’ என்றிருந்தால் ஸ்கேன் சென்டர்களில் ஒரே ஒரு கட்டத்தில் படம் எடுத்து அனுப்பிவிடலாம். ஈரல் கட்டியின் அடையாளமே, மருந்து தமனி வழியாகப் பாயும்போது கட்டி பளிச்சென்று தெரிவதும், சில நிமிடத்துக்குள் சுற்றியுள்ள ஈரலை விட வெளிறிப்போவதும்தான். வெவ்வேறு நேரத்தில் படம் எடுத்தால்தான் இது பிடிபடும். தவறான ஸ்கேனுக்குப் பணம் கட்டிவிட்டுத் திரும்ப எடுத்தவர்களைக் காத்திருக்கும் பெஞ்சுகளில் நிறையப் பார்த்தேன்.

தனியாரில் இந்த சி.டி.க்கு 5,000 முதல் 9,000 வரை கேட்டார்கள், எம்.ஆர்.ஐ. அதை விடக் கூடுதல். அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, ஆனால் தேதி தள்ளி விழும். ஏ.எஃப்.பி. ஏறிக்கொண்டிருந்தால் நோட்டைக் காட்டி, சீட்டில் அவசரம் என்று எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

போகும்போது: சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட், 4 மணி நேரம் வெறும் வயிறு, முன்பு கான்ட்ராஸ்டால் அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அந்த விவரம். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ.க்குத் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடித்த ஊசி குத்துவார்கள். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரி தோன்றும். போயிருக்காது. சித்தப்பா பதறி எழப் பார்த்தார், அதனால் முதல் தடவை போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று குரல் வரும். வீட்டிலேயே 15 நொடி பிடித்துப் பழகினால் படம் கலங்காது.

திரும்பும்போது ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரேடியாலஜி டாக்டர் அதைப் போட்டுத்தான் பார்ப்பார். ரிப்போர்ட்டின் கடைசியில் எல்.ஆர். 3, 4, 5 என்று ஒரு எண் இருக்கலாம். 3 என்றால் இரண்டுங்கெட்டான், 4 அநேகமாகப் புற்றுநோய்க் கட்டி, 5 உறுதி. ‘எம்’ என்ற எழுத்து வந்தால் அநேகமாகவோ உறுதியாகவோ புற்றுநோய், ஆனால் ஈரலின் வழக்கமான வகையாக இல்லாமலும் இருக்கலாம்.

6. “பயாப்சி எடுக்காமலேயே எப்படிச் சொல்றாங்க?”

உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. சுருக்கமோ பி வைரஸோ உள்ளவருக்கு ஸ்கேனில் மேலே சொன்ன அடையாளம் தெளிவாக இருந்தால் பயாப்சி இல்லாமலே உறுதி செய்வது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. பயாப்சி என்றால் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது. அந்த ஊசி போன பாதையில் கட்டி பரவும் சிறிய அபாயமும், ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. அடையாளம் தெளிவில்லாதபோதுதான் எடுப்பார்கள். காப்பீட்டு மேசையில் “பயாப்சி ரிப்போர்ட் எங்கே” என்று கேட்டால் திண்டாடாமலிருக்க, ஸ்கேன் அடிப்படையில் உறுதி செய்யப்பட்டது என்று டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

7. ஜிப்மரும் அட்டைகளும்

கடலூரிலிருந்து பாண்டி பஸ், பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி கோரிமேடு போகும் பஸ். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், ஓ.பி. பதிவு காலையில்தான். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், ஓ.பி. விடுமுறைகள் மத்திய அரசுப் பட்டியல்படி. நம்மூர் காலண்டரில் சிவப்பு இல்லாத நாளிலும் மூடியிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை தரும் ஆஸ்பத்திரி எண்ணைத் தொலைத்தால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுப்பது பெரும்பாடு. போனில் படம் எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிவு செய்வார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. புதுச்சேரி அட்டைக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத். கடலூர்க்காரர் பாண்டியில் சிகிச்சை எடுப்பதால் எந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை, அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். படுக்கையில் சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல் இரட்டிப்பு. 6 மாதத்துக்கொரு ஏ.எஃப்.பி., ஸ்கேன் போன்ற ஓ.பி. செலவுக்கு இந்த அட்டைகளை நம்பாமல், கைப்பணத்தில் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

அட்டை என்பது, ஈரலில் கட்டி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல. சுருக்கம் என்று தெரிந்த அன்றே எடுங்கள்.

8. சிகிச்சைக்குப் பிறகும் நோட்டு ஓட வேண்டும்

கட்டியை வெட்டி எடுத்தாலும் சுட்டு அழித்தாலும், முன்பு ஏ.எஃப்.பி. உயர்ந்திருந்தவருக்கு அது இறங்க வேண்டும். அரையளவாகச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். அதனால் மறுநாளே எடுத்துப் பார்த்துப் புலம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பிறகு முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் 3 மாதத்துக்கொரு முறை, அப்புறம் இடைவெளியைக் கூட்டுவார்கள். இறங்கிய எண் திரும்ப ஏறத் தொடங்கினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

சில முடிவுகளில் இந்த எண் நேரடியாகவே நுழைகிறது. ஈரல் மாற்று அறுவைக்குப் பொதுவான அளவுகோல் ஒரே கட்டி 5 செ.மீ.க்குள் அல்லது மூன்று கட்டிகள் வரை, ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். அதற்குள் அடங்கினாலும் ஏ.எஃப்.பி. 1,000-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்கச் சொல்லும் மையங்கள் உண்டு. முற்றிய கட்டிக்குத் தரும் சொராஃபெனிப் மாத்திரை பலன் தராத பிறகு தரப்படும் ராமுசிருமாப் ஊசி, ஏ.எஃப்.பி. 400-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான். பெவாசிசுமாப் சேர்ந்த ஊசிச் சிகிச்சை பேசப்பட்டால், உணவுக்குழாய் ரத்தநாள வீக்கத்தைப் பார்க்கச் சமீபத்திய எண்டோஸ்கோப்பி கேட்பார்கள். அந்த ரிப்போர்ட் ஃபைலில் இல்லாவிட்டால் அங்கேயே ஒரு வாரம் போய்விடும்.

9. வீட்டில் உள்ள மற்றவர்கள்

நோயாளிக்கு பி வைரஸ் என்றால் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் உள்ள மையங்களில் பி, சி வைரஸ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைரஸ் மாத்திரையைத் தனியார் கடையில் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருப்பவர்களும் அங்கே பதிவு செய்துகொள்ளலாம். பாதியில் நிறுத்தினால் வைரஸ் சீறும், 4-ஆம் எண்ணில் சொன்ன அந்த 180, 600 கதைதான். வைரஸ் இல்லாத, எதிர்ப்பும் இல்லாத வீட்டாருக்குத் தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, 6 மாதம் கழித்து. மூன்றாவது டோஸைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அந்தத் தேதியையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.